பொழுதுபடப் பூட்டும் கதவு: கோழிக்கூட்டில் தொடங்கும் ஒரு தொழில்

"கோழி அடைக்கவேணும், நான் வாறன்." யாழ்ப்பாணத்தில் பின்னேரம் ஒரு வீட்டிலிருந்து எழும்பிப் போவதற்கு இதைவிட நல்ல சாட்டு இல்லை. அது பெரும்பாலும் உண்மையும்கூட. நல்லூரில் கொடியேறினால் 25 நாள் திருவிழா. அத்தனை நாளும் பின்னேரப் பூசைக்கும் கோழி அடைக்கிற நேரத்துக்கும் இழுபறிதான். கலியாண வீட்டுக்குப் போனவர் வரப் பிந்திய ஒரு இரவு போதும், மரநாய் வந்து கூட்டைத் துடைத்துவிட்டுப் போய்விடும்.

பொழுதுபட்டதும் தானாகப் பூட்டி, விடிந்ததும் தானாகத் திறக்கும் ஒரு சின்னக் கதவு இந்தப் பிரச்சினையைத் தீர்க்கும். பிரித்தானியாவில் ஓம்லெட், சிக்கன்கார்ட் போன்ற கொம்பனிகள் இதைச் செய்து விற்கின்றன. அதை இங்கே கையால் செய்யலாம், செய்து விற்கலாம், திருத்தியும் கொடுக்கலாம். தொழில்நுட்பப் பாடம் படித்துவிட்டு "வேலை வரட்டும்" என்று இருக்கும் தம்பி, தங்கச்சிமாருக்காக இந்த வழிகாட்டி. இதில் கற்றுக்கொள்ள வேண்டிய பெரிய பாடம் ஒன்றுதான்: வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்து அப்படியே செய்யாதீர்கள். வெயில், உப்பு, மழை, மின்வெட்டு, மரநாய் எல்லாவற்றுக்கும் எங்கள் ஊருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் போட்டுச் செய்பவருக்குத்தான் இங்கே தொழில்.

முதல் கணக்கு: பொழுது எப்போது படும்?

லண்டனில் ஆனி மாதம் சூரியன் இரவு 9.20க்குப் பிறகு மறையும், மார்கழியில் பின்னேரம் 4 மணிக்கு முன்பே மறையும். ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் வித்தியாசம். அதனால்தான் அங்கே விற்கும் கதவுகளில் வெளிச்சத்தை உணரும் கருவியை வைக்கிறார்கள்.

யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்துப் பாகைக்குள் இருக்கிறது. இங்கே ஆண்டு முழுதும் பொழுது படுவது ஏறக்குறைய 5.45க்கும் 6.35க்கும் இடையில். விடிவது ஏறக்குறைய 5.50க்கும் 6.30க்கும் இடையில். ஆக முழு வருடத்துக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. எனவே எங்களுக்கு வெளிச்ச உணரி தேவையில்லை. ஒரு மணிக்கூடு போதும்.

நான் முதலில் செய்த கதவில் ஆசைக்கு வெளிச்ச உணரிதான் வைத்தேன். கார்த்திகை மாதம் ஒரு பின்னேரம் வானம் இருண்டு கொட்டியது. மூன்றரை மணிக்கே கதவு பூட்டிவிட்டது. கோழிகள் எல்லாம் வெளியே, கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில் நனைந்து விறைத்துப்போய் நின்றன. அன்றைக்கே உணரியைக் கழற்றினேன்.

நேரத்தை இப்படி வையுங்கள். திறப்பது ஆண்டு முழுதும் காலை 6.45. பூட்டுவது ஒக்ரோபர் முதலாம் திகதியிலிருந்து தைப்பொங்கல்வரை மாலை 6.30, தைப்பொங்கலிலிருந்து செப்ரெம்பர் முடியும்வரை 7.00. வருடத்தில் இரண்டு தரம் மாற்றினால் சரி. பொங்கல் பானை இறக்கிய கையோடு ரைமரையும் மாற்றச் சொன்னால் எந்த அம்மாவும் மறக்கமாட்டா.

கோழிகள் பொழுதுபட்டு அரை மணித்தியாலத்துக்குள் தாமாகவே கூட்டுக்குள் ஏறிவிடும். கீரி பகலில் திரியும், மரநாய் இரவில் திரியும். பூட்டும் நேரம் இரண்டாமவருக்கு முந்தவேணும். திறக்கும் நேரம் நன்றாக வெளிச்சம் வந்த பிறகாக இருக்கவேணும்.

கூடு முதலில், கதவு பிறகு

ஓட்டைக் கூட்டுக்கு மின்கதவு போடுவது கிழிந்த சாக்குக்கு இறுக்கி முடிச்சுப் போடுவது மாதிரி. கதவு பூட்டக் கேட்டு வருபவரிடம் கதவைப் பற்றிக் கதைக்காமல், முதலில் கூட்டைச் சுற்றி ஒருதரம் நடவுங்கள்.

கடையில் "கோழிவலை" என்று விற்கும் அறுகோண வலை கோழியை உள்ளே வைத்திருக்கும். வெளியே நிற்கும் மரநாயையோ நாயையோ நிறுத்தாது. அரை அங்குலக் கண் உள்ள, ஒட்டுப்போட்ட கம்பிவலைதான் பாதுகாப்பு. அதைச் சுவரோடு நிறுத்தாமல் ஓர் அடியாவது மண்ணுக்குள் இறக்கவேணும். கூரைக்கும் சுவருக்கும் இடையில் கை போகிற இடைவெளி இருந்தால் மரநாயும் போகும். பனஞ்சிலாகையும் தகரமும் சேரும் மூலைகளைக் கையால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத இடைவெளி கைக்குப் பிடிபடும்.

காற்றோட்டத்தையும் பாருங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு நாள் காலை கதவு திறக்காமல் விட்டால், தகரக் கூடு அடுப்பாகிவிடும். மேல்பக்கம் இரண்டு சுவரிலும் கம்பிவலை ஜன்னல் இல்லாத கூட்டுக்கு மின்கதவு பூட்டிக் கொடுக்காதீர்கள். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கதவு

மேலே ஏறி இறங்கும் வழுக்கு கதவுதான் நல்லது. பக்கவாட்டில் திறக்கும் கதவுக்கு முன்னால் எருவோ குப்பையோ சேர்ந்தால் அது இறுகிவிடும்.

ஊர்க்கோழிக்கும் முட்டைக்கோழிக்கும் 30 சென்ரிமீற்றர் அகலம், 40 சென்ரிமீற்றர் உயரம் தாராளம். 2 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டில் வெட்டினால் நிறை ஏறக்குறைய 650 கிராம் வரும். அது நல்ல அளவு. தானாக விழக்கூடிய பாரம் இருக்கிறது, கோழியின் முதுகில் விழுந்தாலும் காயம் வராது.

ஒட்டுப்பலகையைத் தொடாதீர்கள். ஒரு மாரி கழிந்தால் ஊதி, தண்டவாளத்துக்குள் சிக்கிவிடும். சாதாரண இரும்புத் தகடும் வேண்டாம். குடாநாட்டில் கடலுக்குத் தூரமான இடம் என்று ஒன்றில்லை. உப்புக்காற்று வராத வீடு கிடையாது. ஆணி, திருகாணி எல்லாம் துருப்பிடிக்காத உருக்கிலேயே வாங்குங்கள். கதவு ஓடும் தண்டவாளத்துக்கு அலுமினிய ஜன்னல் செய்யும் கடைகளில் கழிவாக விழும் துண்டுகள் போதும். கதவுக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் பக்கத்துக்கு 3 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். இறுக்கமாகச் செய்தால் தூசியும் எருவும் சேர்ந்ததும் நின்றுவிடும்.

வாசலின் அடிக்கட்டை நிலத்திலிருந்து 6, 7 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கட்டும். கோழி கிளறித் தள்ளும் உமியும் மரத்தூளும் கதவின் கீழ் சேராது.

அடுத்தது பூட்டு. கயிற்றில் தொங்கும் கதவை நாயின் மூக்கோ மரநாயின் கையோ கீழிருந்து தூக்கிவிடலாம். கதவின் மேல்விளிம்பில் இரண்டு சின்னக் கைகளை ஆணியில் ஆடும்படி பொருத்துங்கள். கயிற்றை நேரே கதவில் கட்டாமல் இந்தக் கைகளில் கட்டுங்கள். கதவு கீழே இறங்கிக் கயிறு தளர்ந்ததும் கைகள் தம் பாரத்தால் வெளியே விரிந்து சட்டத்தில் மாட்டிக்கொள்ளும். காலையில் மோட்டர் இழுத்தால் முதலில் கைகள் மடங்கும், பிறகு கதவு ஏறும். இதற்கு மின்சாரமும் வேண்டாம், தனிப் பூட்டும் வேண்டாம்.

"துலாவுக்குப் பின்பாரம் கட்டுவது மாதிரி இதுக்கும் கட்டினால் மோட்டருக்குச் சுகமல்லோ?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்விதான். துலாக் கிணற்றில் இறைத்த தலைமுறைக்குப் பாரத்தின் கணக்கு கையிலேயே இருக்கிறது. ஆனால் பின்பாரம் கட்டினால் கயிறு தளராது, கயிறு தளராவிட்டால் பூட்டுக் கைகள் விரியாது. 650 கிராமைத் தூக்க மோட்டருக்குத் துணை தேவையும் இல்லை.

மோட்டர்

கணக்கைப் பாருங்கள். கயிறு சுற்றும் உருளையின் ஆரை 1.5 சென்ரிமீற்றர் என்று வைத்தால், 650 கிராம் கதவைத் தூக்கத் தேவையான முறுக்குவிசை ஏறக்குறைய 1 கிலோ-சென்ரிமீற்றர். பூட்டுக் கை, தூசி, உராய்வு எல்லாம் சேர்த்து ஐந்து மடங்கு உள்ள 12 வோல்ற் கியர் மோட்டர் ஒன்றை எடுங்கள். உருளை ஒரு சுற்றுக்கு 9.4 சென்ரிமீற்றர் இழுக்கும். 40 சென்ரிமீற்றருக்கு நாலேகால் சுற்று. நிமிடத்துக்குப் பத்துச் சுற்று ஓடும் மோட்டர் என்றால் கதவு 25 செக்கனில் ஏறும். இந்த மெதுவான வேகம்தான் வேண்டும். கடைசியாக வரும் கோழிக்கு உள்ளே பாய நேரம் கிடைக்கும்.

புது மோட்டர் கிடைக்காவிட்டால் பழைய காரின் ஜன்னல் கண்ணாடி ஏற்றும் மோட்டர் கைகொடுக்கும். உள்ளே புழுச்சில்லு இருப்பதால் மின்சாரம் நின்ற இடத்திலேயே நிற்கும், கதவு நழுவாது. அது கூடிய மின்னோட்டம் இழுக்கும், வேகமும் கூட. ஆகவே மெல்லிய உருளையாகப் போடுங்கள்.

கயிற்றுக்குத் தங்கூசி வேண்டாம். வெயிலில் நொறுங்கும். பின்னிய நைலோன் கயிறு போட்டு வருடத்துக்கு ஒருதரம் மாற்றுங்கள்.

மூளை

ஆர்டுயினோ தெரிந்தவர்கள் உடனே அதை எடுப்பார்கள். பிழையில்லை. அதோடு டிஎஸ் 3231 மணிக்கூட்டுச் சில்லைச் சேர்த்தால் வருடத்துக்கு ஒரு நிமிடமளவுதான் பிசகும், அதன் நாணய பற்றறி மின்சாரம் போனாலும் நேரத்தைக் காப்பாற்றும். ஆனால் நீங்கள் இல்லாத நாளில் அதைத் திருத்த அந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? முதற் கதவுக்கு நான் சொல்வது 12 வோல்ற் டிஜிற்றல் ரைமர், இரட்டை ரிலே ஒன்று, இரண்டு சுவிச், இரண்டு டயோட். பாடப்புத்தகத்தில் இருவாயி என்று படித்தோமே, அதேதான். எந்த ரேடியோ திருத்துபவரும் பார்த்தவுடன் விளங்கிக்கொள்வார்.

வேலை இப்படி நடக்கும். காலையில் ரைமர் போட்டால் ரிலே இழுக்கும், மோட்டர் ஒரு பக்கம் சுற்றிக் கதவை ஏற்றும். மாலையில் ரைமர் நிறுத்தினால் ரிலே விடும், மோட்டரின் பிளஸும் மைனஸும் இடம்மாறி மறுபக்கம் சுற்றிக் கதவை இறக்கும். மேல் எல்லையில் ஒரு சுவிச், கீழ் எல்லைக்கு ஒரு சுவிச். இரண்டும் மோட்டர் வயரில் தொடராக இருக்கும். கதவு எல்லையைத் தொட்டதும் சுவிச் மின்சாரத்தை வெட்டும். ஒவ்வொரு சுவிச்சுக்கும் குறுக்கே ஒரு டயோட் இருந்தால்தான் எதிர்த்திசையில் மறுபடி ஓட வழி கிடைக்கும். டயோட்டை மறந்தால் கதவு ஒருதரம் ஏறி, அப்படியே நிற்கும். புதிதாகச் செய்பவர்கள் தலையைப் பிய்க்கும் இடம் இதுதான்.

கீழ்ச் சுவிச்சை எங்கே வைப்பது என்பதில்தான் கைவேலையின் திறமை தெரியும். பலர் அடிக்கட்டையில் வைப்பார்கள். ஒரு கோழி வாசலில் படுத்திருந்தால் கதவு அதன் முதுகில் நிற்கும், சுவிச் அழுத்துப்படாது, மோட்டர் கயிற்றை விட்டுக்கொண்டே போகும். கயிறு முழுதும் அவிழ்ந்த பிறகு மறுபக்கமாகச் சுற்றத் தொடங்கி, கதவைத் திரும்பத் தூக்கும். நடு இரவில் திறந்த கூடு!

இதற்கு மருந்து, சுவிச்சைக் கயிற்றில் வைப்பது. கயிறு ஒரு சின்னக் கப்பியில் படும்படி போகட்டும். அந்தக் கப்பி சுவிச்சை அழுத்தும் ஒரு நெம்புகோலில் இருக்கட்டும். கயிறு இறுக்கமாக இருக்கும்வரை மோட்டர் ஓடும், தளர்ந்தால் நிற்கும். கோழியின் முதுகில் கதவு நின்றால் கயிறு தளரும், மோட்டர் நிற்கும். கோழி எழும்பி உள்ளே போனதும் கதவு தன் பாரத்தில் இறங்கும், கயிறு இறுகும், மோட்டர் மிச்ச வேலையை முடிக்கும். இந்த ஒரு ஏற்பாட்டைச் சரியாகச் செய்து காட்டினால், உங்களுக்கு இயந்திரம் விளங்குகிறது என்று எந்த முதலாளிக்கும் தெரிந்துவிடும்.

மின்சாரம்: வீட்டு லைனை நம்பாதீர்கள்

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுதும் மின்சாரம் போனபோது, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். குரங்குக்குக் கட்டுப்பட்ட மின்சாரத்தில் மரநாயை மறிக்கமுடியாது. அதைவிட, ஈரமான கூட்டுக்குள் 230 வோல்ற் வயர் இழுப்பது உயிராபத்து. முழுவதும் 12 வோல்ற்றிலேயே செய்யுங்கள்.

மோட்டர் 2 அம்பியர் இழுத்தாலும் நாளுக்கு 50 செக்கன்தான் ஓடுகிறது. அது 0.03 அம்பியர்-மணிகூட இல்லை. உண்மையில் மின்சாரத்தைத் தின்பது காத்திருக்கும் ரிலேதான். சாதாரண 12 வோல்ற் ரிலே 75 மில்லி அம்பியர் எடுக்கும், 12 மணித்தியாலத்துக்கு 0.9 அம்பியர்-மணி. ரைமரையும் சேர்த்து நாளுக்கு ஒன்று என்று எடுங்கள்.

10 வாற் சோலார் தகடு நான்கு மணித்தியால நல்ல வெயிலில் ஏறக்குறைய 2 அம்பியர்-மணி தரும். இரண்டு மடங்கு கிடைக்கிறது. 7 அம்பியர்-மணி பற்றறியில் பாதியை மட்டும் பாவிப்பது என்று வைத்தால் வெயிலே இல்லாமல் மூன்று நாள் தாங்கும். வடகிழக்குப் பருவ மழையில் அதுகூடப் போதாமல் போகும் வீடுகளுக்கு 20 வாற் தகடு போடுங்கள். தகட்டுக்கும் பற்றறிக்கும் இடையில் சின்னச் சார்ஜ் கட்டுப்படுத்தி கட்டாயம். பற்றறிக்குப் பக்கத்தில் ஒரு பியூஸும் கட்டாயம்.

ரிலே பகலில் இழுத்திருக்கும்படி, இரவில் விட்டிருக்கும்படி இணைத்ததற்குக் காரணம் இருக்கிறது. பற்றறி இறங்கினால் ரிலே விட்டுவிடும். அது பகலில் நடந்தால் கதவு பூட்டும், கோழிகள் வெளியே நிற்கும், வீட்டுக்காரர் காண்பார். மறுவளமாக இணைத்திருந்தால் இரவில் கதவு திறக்கும், யாரும் காணமாட்டார்கள். எந்த இயந்திரமும் ஒரு நாள் தவறும். எந்தப் பக்கம் தவறவேணும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்வது செய்பவரின் பொறுப்பு.

பெட்டிக்குள் யார் வருவார்கள்?

மழையைவிட எறும்பும் பல்லியும்தான் பெட்டிக்குப் பெரிய எதிரி. சூடான பெட்டிக்குள் பல்லி முட்டையிடும், ரிலேக்கு இடையில் எறும்பு நசுங்கி மின்தொடுகையை மறிக்கும். நீர் புகாத பெட்டி வாங்கி, வயர்களைக் கீழ்ப்பக்கத்தால் மட்டும் எடுத்து, துளைகளைச் சிலிக்கனால் அடையுங்கள். வயரைப் பெட்டிக்கு வருமுன் ஒருதரம் கீழே வளைத்துவிட்டால் மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். பற்றறி முனைகளில் கொஞ்சம் வாஸ்லின் பூசுங்கள், உப்புக்காற்று தின்னாது.

வீட்டுக்காரர் கையால் திறக்கவும் ஒரு வழி வையுங்கள். கயிற்றில் ஒரு கொளுக்கி, அதைக் கழற்றினால் கதவு கைக்கு வரும். அதை வீட்டிலுள்ள அம்மம்மாவுக்குக் காட்டிக்கொடுங்கள். அவ ஒருதரம் தானே செய்து பார்த்த பிறகுதான் உங்கள் வேலை முடிந்தது.

விற்குமுன் மூன்று சோதனை

1. மேசையில் 100 தரம் ஏற்றி இறக்குங்கள். கயிறு உருளையில் ஒரே பக்கமாக ஏறுகிறதா, சுவிச் ஒவ்வொரு தரமும் வெட்டுகிறதா என்று பாருங்கள்.

2. உங்கள் சொந்தக் கூட்டில் 14 நாள் ஓடவிடுங்கள். ஒவ்வொரு இரவும் ரோர்ச்சோடு போய்க் கோழிகளை எண்ணுங்கள். கதவு பூட்டும், எண்ணாது. கோழிகள் புதுக் கதவுக்குப் பழக ஒரு கிழமை எடுக்கும். வேலியில் ஏறிப் படுக்கும் சேவல் ஒன்று எப்படியும் இருக்கும், அதை முதல் சில நாள் பிடித்து உள்ளே விடவேண்டிவரும்.

3. ஒரு மாரி முழுக்க ஓடவிடுங்கள். ஐப்பசியிலிருந்து மார்கழிவரை தாங்கிய கதவுதான் யாழ்ப்பாணத்துக்குச் சரியான கதவு.

இந்த நாட்களில் ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதுங்கள்: திகதி, பழுது, காரணம், திருத்தியது. படமும் எடுங்கள். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது இந்தக் கொப்பியைக் கொண்டுபோங்கள். "எனக்கு மின்னணுவியல் தெரியும்" என்று வாயால் சொல்வதைவிட, "நவம்பர் 12ஆம் திகதி சுவிச்சுக்குள் தண்ணீர் போனது, இப்படித் திருத்தினேன்" என்ற ஒரு பக்கம் அதிகம் கதைக்கும்.

விலை சொல்வது

பொருட்களின் விலை டொலரோடு ஏறி இறங்கும். ஆகவே முறையைப் பிடியுங்கள். விளக்கத்துக்காகப் பொருட்செலவு 10,000 ரூபா என்று எடுப்போம். உடைவு, கழிவுக்குப் பத்தில் ஒன்று: 1,000. உங்கள் உழைப்பு 8 மணித்தியாலம், மணிக்கு 500 என்றால் 4,000. போய்வரும் எரிபொருள் 1,000. ஒரு வருட உத்தரவாதத்துக்காக ஒதுக்குவது 1,500. மொத்தம் 17,500. எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் முதல் வரியை மட்டும் பார்த்து 12,000 என்று சொல்லி, மூன்றாம் மாதம் தொழிலை விட்டுவிடுகிறார்கள். உத்தரவாதப் பணத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள். பழுது வந்தால் முகம் சுளிக்காமல் போக அந்தப் பணம்தான் உதவும்.

வருடப் பராமரிப்பையும் அப்போதே பேசி வையுங்கள். தைப்பொங்கலுக்கும் ஒக்ரோபருக்கும் வீட்டில் நேரம் மாற்றும்போது நீங்களும் ஒருதரம் போங்கள். அப்போதே கயிறு, பற்றறி, தண்டவாளம் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். நிலையான வருமானம் புதுக் கதவைவிட இந்த இரண்டு பயணத்தில்தான் இருக்கிறது.

யார் வாங்குவார்கள்?

பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில், வளவில் பத்துக் கோழியோடு இருக்கும் வயதான தம்பதிகள் முதலாவது. காசை அனுப்புவது கனடாவில் உள்ள மகனாக இருக்கும். அவருக்குக் கதவு வேலை செய்யும் ஒரு நிமிடக் காணொளியை அனுப்புங்கள். அடுத்தது பின்னேரம் வீடு திரும்பப் பிந்தும் ஆசிரியர்கள், தாதியர்கள். முட்டை விற்றுக் குடும்பம் நடத்தும் பெண்கள் மூன்றாவது. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்த நாடு இது. ஒரு கோழியின் பெறுமதி அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தவணை முறையில் கொடுக்கப் பாருங்கள்.

உங்கள் பிரிவின் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தோடு அறிமுகமாகுங்கள். எந்த ஊரில் யார் கோழி வளர்க்கிறார்கள் என்பது அங்கே தெரியும். அதோடு ஒரு தொழில் ஒழுக்கத்தையும் அங்கே கேட்டுப் படியுங்கள். ரணிக்கெற் நோய் செருப்பில் ஒட்டிய எச்சத்தோடு ஒரு கூட்டிலிருந்து அடுத்த கூட்டுக்குப் போகும். ஒரு நாளில் நான்கு கூடு ஏறி இறங்கும் தொழிலாளிதான் அதற்கு நல்ல வாகனம். ஒவ்வொரு வீட்டிலும் செருப்பையும் கருவிகளையும் கழுவி, கிருமிநாசினி போட்டபிறகே அடுத்த வீட்டுக்குப் போங்கள். கோழி செத்துக்கொண்டிருக்கும் வீட்டுக்கு வேலைக்குப் போகவேண்டாம்.

கடதாசியும் தேவை

கைத்திறமையைக் கடதாசியாக மாற்ற வழி இருக்கிறது. தேசிய தொழிற்தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. முதல் நான்கு சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். வகுப்புக்குப் போகாமல் வேலையில் பழகியவர்களுக்கும் முன்கற்றலை மதிப்பிட்டு இந்தச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். பழுது எழுதிய கொப்பி இங்கேயும் உதவும். படித்துப் பழக விரும்புபவர்களுக்கு யாழ்ப்பாணம் தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள், கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் ஆகியன இருக்கின்றன. வியாபாரப் பெயரைப் பதிவதற்குப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். பதிவு இல்லாமல் தொழிலுக்கு வங்கிக் கடன் எடுப்பதும் நிறுவனங்களின் ஒப்பந்தம் பெறுவதும் கடினம்.

கதவிலிருந்து எங்கே போகலாம்? இதே ரைமர், ரிலே, எல்லைச் சுவிச், சோலார்க் கணக்கு தெரிந்தவர் தோட்டத்துக்குச் சொட்டுநீர் திறக்கும் வால்வு செய்யலாம், தண்ணீர்த் தாங்கி நிரம்பினால் பம்பியை நிறுத்தும் கருவி செய்யலாம், வீட்டுப் படலைக்கு மோட்டர் பூட்டலாம். கோழிக்கதவு அரிச்சுவடி. சின்னதாகப் பிழைவிட்டுப் பழக இதைவிட மலிவான பள்ளிக்கூடம் இல்லை.

இது எங்களுக்குப் புதிதும் இல்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் ரோர்ச் பற்றறிகூடக் குடாநாட்டுக்குள் வரவிடாத காலத்தில், சைக்கிள் டைனமோவை மிதித்து ரேடியோ கேட்டவர்கள், ஜாம் போத்தலில் விளக்குச் செய்து பரீட்சைக்குப் படித்தவர்கள் இன்றைக்கும் உங்கள் வீட்டில் இருக்கிறார்கள். வல்வெட்டித்துறையில் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் ஏறும் பட்டங்களில் அசையும் உறுப்பும் எரியும் விளக்கும் செய்து பூட்டுபவர்கள் எந்தக் காணொளியையும் பார்த்துச் செய்வதில்லை. காற்றை அவர்களுக்குத் தெரியும்.

முதற் கதவை உங்கள் வீட்டுக் கூட்டுக்கே செய்யுங்கள். இரண்டாவதை அயலட்டையில் ஒருவருக்கு, பொருட்செலவுக்கு மட்டும் செய்துகொடுங்கள். மூன்றாவதுக்கு முழு விலை கேளுங்கள். இந்த ஒக்ரோபருக்கு முன் முதற் கதவு பூட்டப்பட்டால், தைப்பொங்கலன்று நேரத்தை மாற்றும்போது உங்கள் கையில் ஒரு மாரியின் அனுபவம் இருக்கும். அதன்பிறகு வேலை தேடிப் போகும்போது வெறுங்கையோடு போகமாட்டீர்கள்.